குழாய் அறையில் கேட்ட சத்தம்

மார்ச் 4, செவ்வாய், காலை

பெரிய மனுஷிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, பதினோரு நாள் எடுத்துக்கொண்டு. நம் அணைக்கட்டு விளையாட்டில் படகுத்துறைக் கதவுக்கு நீ எழுதியிருந்த விடை எனக்குத் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமையே திறந்துவிட்டேன். கவரைப் பிரிப்பதற்கு முன்பே. வயிறெரிந்துகொள்.

விடையைப் போனில் சொல்லக்கூடாது, கடிதத்தில் மட்டும்தான் என்று நீ சட்டம் போட்டபோது பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். இப்போது அதுதான் சரி என்று படுகிறது. கடிதம் வந்து சேர்வதற்குள் சொந்த மூளையால் திறந்தால் மானம் மிச்சம். இல்லாவிட்டால் பெண்டாட்டி போட்ட பிச்சை.

இப்போதும் வழக்கம்போலத்தான். எதிரே கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், பக்கத்தில் இந்தத் தாள். பார்ப்பதையும் கேட்பதையும் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டே போகிறேன். மேப் வரைகிற வேலை போய்ப் பதினான்கு மாதம் ஆகியும் கை பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது.

நான் குழாய் அறைக்கு வந்துவிட்டேன். அணைக்கட்டின் அடியில் மூன்றாவது தளம். பதினோரு குழாய்கள் சுவரிலிருந்து வந்து சுவருக்குள் போகின்றன. எதிரே இரும்புக் கதவு. அதில் தட்டுவதற்கு ஒரு வளையம். அவ்வளவுதான். ஒரு எழுத்து இல்லை, ஒரு அம்புக்குறி இல்லை. நான்கு நாளாக நிற்கிறேன். நேற்று கோபத்தில் மவுஸைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். தரையில் எறியவில்லை. புதிது வாங்க உன்னைக் கேட்க வேண்டுமே.

இதில் என்ன சுகம் என்று அத்தை கேட்கிறார். உனக்குத் தெரியும், அவருக்கு எப்படிச் சொல்வது? அறுபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஏன் என்னை எடுக்கவில்லை என்று ஒருவனும் சொல்லவில்லை. பாதிப் பேர் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. இந்த அணைக்கட்டில் ஒரு கதவு திறக்காவிட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அதே அறையில்தான் எங்கோ என் கண் முன்னால் இருக்கிறது. நான் மடையன், பார்க்கவில்லை. அவ்வளவுதான். நான் மடையன் என்று நியாயமாக நிரூபிக்கிற ஒரே இடம் இதுதான்.

காலையில் அத்தையோடு மறுபடியும் ஆயிற்று. "என்ன மாப்ள, இன்னைக்கும் டேம்லதான் டியூட்டியா? சம்பளம் எப்ப தருவாங்க?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வீட்டோட மாப்ளைன்னா ஒரு பல்பாவது மாத்தத் தெரிஞ்சிருக்கணும். சும்மா உக்காந்து தின்னா ஒடம்புல ஒட்டுமா?" கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன். சுவரிலிருந்து காலண்டர் விழுந்தது. முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திப் பழகியவர். கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. அதனால்தான் இந்த ஹெட்போன்.

11.05. புதிதாக ஒரு சத்தம். நாலு நாளில் முதல் தடவை. குழாயில் யாரோ தட்டுகிற மாதிரி. மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. மூன்று.

11.12. மறுபடியும். மூன்று, மூன்று, இரண்டு. எந்தக் குழாய் என்று தெரியவில்லை. இடது பக்கம்.

11.20. கதவில் அதே தாளத்தில் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. நான் தட்டி முடித்ததும் பதில் மாதிரி அங்கிருந்து இரண்டு. பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள்.

11.31. இரண்டு. நீண்ட இடைவெளி. ஒன்று. வேகம் குறைந்துகொண்டே வருகிறது. குறைவதுதான் துப்போ?

11.40. ஒன்று. அதற்குப் பிறகு இல்லை.

மார்ச் 6, வியாழன்

மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன், வேறு தாள் எடுக்கப் பொறுமையில்லை. போனில் சொன்னதுதான். அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். இடுப்பெலும்பு. நேற்று பிளேட் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் நகல் எடுத்து இதே கவரில் வைத்திருக்கிறேன். பயப்படாதே.

மேப்பு


மார்ச் 17

மேப்பு,

உன்னைத் திட்டி எழுதிய ஒரு கடிதம் பாதியில் கிடந்தது. மின்சாரக் கட்டணம், அம்மாவோடு சண்டை, இன்னும் வேலை தேடாதது, எல்லாம் அதில் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "விழுந்த சத்தம் கேட்டதும் ஓடி வந்துட்டார். அள்ளித் தூக்கினார்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுத் துணி வெளுக்கிற அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று தெரியாத அழுகை. என்னோடு தங்கியிருக்கிறவளிடம், "பாரு, வேலையில்லாதவன் வேலையில்லாதவன்னு சொன்னாங்க, வீட்ல ஒரு ஆள் இருந்ததாலதான எங்கம்மா பொழச்சா" என்று பெருமையடித்தேன்.

லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்கி வருத்தப்பட்டார். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, நடுவில் போனால் திரும்ப எடுக்க மாட்டார்கள். முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்குத் தங்கள் ஆயாவுக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்பது கணக்கிலேயே இல்லை. இந்த மாடியில் பதினாறு பேர். பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். யாரோ பெற்ற பதினாறு பேரை நான் புரட்டிப் படுக்க வைக்கிறேன், என்னைப் பெற்றவளைப் புரட்ட நான் இல்லை.

நீ இருக்கிறாய். அது போதும்.

படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை. கால்களுக்கு நடுவில் தலையணை. கூச்சப்படாதே, அவளையும் கூச்சப்பட விடாதே.

நான் இப்போதுதான் இரண்டாவது தளத்தில் இருக்கிறேன். இடைவேளை இருபது நிமிஷம், அதில் டேப்லெட்டில் எத்தனை கதவு திறக்க முடியும்? குழாய் அறைக்கு வந்ததும் உன் குறிப்பை வைத்துப் பார்க்கிறேன்.

பெரிய மனுஷி


மார்ச் 29

பெரிய மனுஷிக்கு,

அத்தை வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆயிற்று. வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்கிறார். மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் காலையும் மாலையும் வந்து உதவுகிறார்.

அத்தை ரொம்ப மாறிவிட்டார். திட்டுவதே இல்லை. "உங்களுக்குச் சிரமம்" என்கிறார். தட்டை வைத்தால் "போதும், போதும்" என்கிறார், பாதிதான் சாப்பிடுகிறார். டீச்சர் வரும் வரைக்கும் மற்ற எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை, அடக்கிக்கொண்டு இருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் அறைக்குள் போனால் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொள்கிறார். போன் எப்போதும் தலையணைக்கு அடியில். நேற்றிலிருந்து வாக்கர் பிடித்து நடந்துபோய் அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறார். அன்று குளியலறையில் அவரைத் துணியில்லாமல் பார்த்துத் தூக்கியது நான்தானே, அந்தக் கூச்சம்தான்.

அவர் இவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்வது எனக்கு என்னவோ போல இருக்கிறது. பழைய மாதிரி ஒரு தடவை திட்டினால் தேவலை.

குழாய் அறை பற்றி நான் எழுதியதை விட்டுவிடு. தப்பாகக் குறித்திருப்பேன். நீயாகவே பார்.

மேப்பு


ஏப்ரல் 12

மேப்பு,

விட்டுவிடு என்ற உன் கடிதம் வருவதற்கு முன்பே அந்த அறைக்கு வந்துவிட்டேன், வந்த பிறகா விடுவேன்? உனக்கு என்னைத் தெரியாதா?

மூன்று வார விடுமுறை நாட்களை அந்த அறையில் கழித்தேன். பதினோரு குழாயிலும் காது வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு ரீங்காரம், ஒன்றில் மட்டும் சொட்டுச் சத்தம். சொட்டுகளை எண்ணி, வளையத்தை அத்தனை தடவை தட்டினால் கதவு திறக்கிறது. ஐந்து, இரண்டு, ஏழு. நீ எழுதிய மூன்று மூன்று இரண்டு எங்கேயும் இல்லை. வேகம் குறைந்துகொண்டே போகிற சத்தம் இல்லை. நாம் தட்டினால் பதிலுக்குத் தட்டுகிற சத்தம் இல்லை. அந்த அறையில் தட்டும் சத்தமே கிடையாது.

முதலில் உன்னைக் கேலி செய்து எழுத உட்கார்ந்தேன். "குழாய் உனக்கு மட்டும் பாட்டுப் பாடியதா" என்று ஆரம்பித்தேன். அப்புறம் உன் தாளை எடுத்து மறுபடி படித்தேன். தேதியைப் பார்த்தேன். நேரத்தைப் பார்த்தேன். அதே கவரில் நீயே வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நீ எழுதிய முதல் தட்டு 11.05, சேர்த்த நேரம் 12.40. நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிஷம்.

உன் மேஜை இருக்கிற சுவரின் இடது பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்க வாயெடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் இருந்தாள். "நல்லாப் பாத்துக்கிறார்மா" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? ஒரே வரியில் எழுது. காரணம், வருத்தம் எதுவும் முதலில் வேண்டாம்.


ஏப்ரல் 24

அத்தை தட்டிய சத்தம்தான் அது.

ஒரே வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியை நீ படிக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

11.55க்குத் தண்ணீர் குடிக்க ஹெட்போனைக் கழற்றினேன். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த நேரத்தில் அத்தை ரேடியோ வைத்திருப்பார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். "ம்" என்று ஒரு சத்தம். தோளால் இடித்துத் திறந்தேன். ஈரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் பித்தளைச் சொம்பு. சுவரோரம் போகிற குழாயில் சொம்பின் விளிம்பு பட்ட இடமெல்லாம் பெயின்ட் உதிர்ந்திருந்தது.

அந்தப் பெயின்டைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் மேஜையில் அதையெல்லாம் எண்ணி, நேரம் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

கூப்பிடும்போது வராதவன் ஊரில் ஆயிரம் பேர் இருப்பான். கூப்பிட்டதைக் குறிப்பெடுத்து, அதற்குப் பதில் தட்டிப் பார்த்து, "பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள்" என்று பாராட்டு எழுதியவன் நான் ஒருவன்தான் இருப்பேன். அதைப் பெண்டாட்டிக்கே தபாலில் அனுப்பினேன். வேறு தாள் எடுக்கப் பொறுமையில்லை என்று எழுதியது பொய். அந்தத் தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. என் வாயால் சொல்லத் தைரியமில்லை, நீயாகக் கண்டுபிடி என்று அனுப்பினேன் போலிருக்கிறது. அதிலும் கோழைத்தனம்தான்.

இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. இதை நீ எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது, நானே சொல்கிறேன். ஆபரேஷன் நடந்த இரண்டரை மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் அரைமணி நேரம் சாமியைக் கும்பிட்டேன். அப்புறம் மனம் தானாக அந்த அறைக்குப் போய்விட்டது. தட்டிய சத்தம் அந்த அறையினது இல்லை என்றால் அப்போது துப்பு எது? சொட்டு. சொட்டுதான். பெஞ்சிலேயே கண்டுபிடித்துவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மறுநாள் அத்தைக்கு மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தபோது, பையை வாசலில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, அந்தக் கதவைத் திறந்தேன். அதற்கப்புறம்தான் புடவையை எடுத்தேன்.

அத்தை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும், "இப்பதான் விழுந்தேன், உடனே வந்துட்டார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தினமும் என்னைக் கரித்துக் கொட்டிய மனுஷி என் மானத்தைக் காப்பாற்றுகிறார். அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். போகச் சொன்னால் போகிறேன்.


மே 6

படித்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் கெட்ட வார்த்தையாக வந்தது.

எங்கே போவாய்? போகிறேனாம். அம்மாவை யார் பார்ப்பது, எதிர்வீட்டு டீச்சரா? வீரமாகக் கிளம்பிப் போவதற்கும் இங்கே யாருக்கும் வசதி கிடையாது. நீ அங்கே என் அம்மாவைக் கழுவித் துடைக்க வேண்டும், நான் இங்கே ஊரார் அம்மாவைக் கழுவித் துடைக்க வேண்டும். இப்படி ஆளை மாற்றி மாற்றி வைத்து எவனோ லாபம் பார்க்கிறான். அதில் நடுவில் நின்று நீ உன் மனசாட்சிக்கு விசிறிவிட்டுக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தைக்கு.

நீ மார்ச் மாதம் எழுதியதை எடுத்து வைத்துப் படி. திட்டுவதில்லை. பாதிச் சாப்பாடு. அடக்கிக்கொள்வது. போர்வை. தலையணைக்கடியில் போன். தாழ்ப்பாள். அத்தனையும் உன் கையாலேயே வரிசையாக எழுதி, கீழே கூச்சம் என்று விடையும் போட்டுவிட்டாய். அணைக்கட்டில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் பார்த்து மூன்று நாள் யோசிக்கிற ஆளுக்கு, வீட்டுக்குள் ஒரு மனுஷி பயந்து நடுங்குவது தெரியவில்லை.

அவள் உன்னை மன்னிக்கவில்லை. அவள் உனக்குப் பயப்படுகிறாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் ஒரு மதியம். ஏழாம் எண் அறையின் விளக்கு போர்டில் எரிந்தது. கூடவே மணியும் அடித்தது. எனக்கு இடைவேளை முடிய நான்கு நிமிஷம் இருந்தது. என் கையில் படகுத்துறைக் கதவின் கடைசிச் சக்கரம் இருந்தது. நான்கு நிமிஷம் என் உரிமை என்று சொல்லிக்கொண்டேன். அது பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. போய்ப் பார்த்தபோது அந்தப் பெரியவர் நனைந்து கிடந்தார். எப்போதும் என்னை "ஏ பொண்ணு, தூங்குமூஞ்சி" என்று அதட்டுகிறவர். அன்று அதட்டவில்லை. நான் துணி மாற்றும் வரைக்கும் "நன்றிம்மா, நன்றிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவர் மணி அடிப்பதே இல்லை. என் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். இந்த ஆளிடம் என் உயிர் இருக்கிறது, இவளைக் கோபப்படுத்தக்கூடாது என்று முடிவு செய்துவிட்ட மனுஷனின் மரியாதை அது.

படகுத்துறை விடையை உனக்கு எழுதினேனே, அது அன்று கண்டுபிடித்தது. அதைச் சொல்லாமல் பெருமையாக அனுப்பினேன். இதைச் சொல்வதால் உன் தப்பு குறையும் என்று நினைக்காதே. என் தப்பு தனி.

அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று யோசித்தாயா? காலையில் உன்னைத் திட்டினாள். நீ கதவை அறைந்து சாத்தினாய். ஒரு மணி நேரம் கழித்து அவள் தட்டுகிறாள், அடுத்த அறையில் நீ இருப்பது அவளுக்குத் தெரியும், நீ வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கிறது.

நீ அவளிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், எவ்வளவு சின்னப் பிள்ளைத்தனமாக இருந்தாலும். என்னிடம் எழுதினாற்போல் அழகாக எழுதித் தரக்கூடாது. வாயால். இந்தக் கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்குள் சொல்லவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நான் வருகிறேன். வந்தால் அம்மாவுக்காக வருவேன், உனக்காக இல்லை.


மே 18

பெரிய மனுஷிக்கு,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்து இரண்டு நாள் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் காலை தட்டை வைத்துவிட்டு ஓடாமல் நின்றேன்.

"அத்தை, அன்னைக்கு நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்" என்றார். போர்வையை இழுத்துக்கொண்டார். "கேக்காம எப்படி இருக்கும்? காலைல நான் பேசினதும் தப்புதான். நான் அவகிட்ட எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க பயப்பட வேணாம்."

நீ எழுதியது அப்படியே இருந்தது.  என்னை ஒரு கொலைகாரனாக நினைத்துக்கொண்டு, என் கையால் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று அவர் கூச்சலும் போடவில்லை. ஏன் அத்தை கத்தவில்லை என்று கேட்டேன். "கத்துனா மேல் வீட்டுக்காரன் வருவான், கீழ் வீட்டுக்காரன் வருவான். மேல துணி இல்லாம கெடந்தேன். தட்டினா நீங்க ஒருத்தர்தான் வருவீங்கன்னு தட்டினேன்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். புரியவில்லை அவருக்கு. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். குழாய் அறையைக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுல யாரு தட்டுறா?"

"யாரும் தட்ட மாட்டாங்க அத்தை."

"அப்புறம் எப்படித் தட்டுதுன்னு நெனச்ச?"

"இதுலதான் தட்டுதுன்னு நெனச்சேன். எண்ணி எழுதிக்கிட்டேன்."

"எழுதுனியா?"

"மணி போட்டு எழுதினேன்."

"கடைசில கை வலிச்சு மெதுவாத் தட்டினேனே."

"அதையும் எழுதினேன்."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கதவு தெறந்துச்சா?"

"ரெண்டு நாள் கழிச்சு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒரு காலி ரூம். எதிர்ல இன்னொரு கதவு."

"இதுக்காடா?" என்றார்.

 அந்த ஆர்வத்தை உனக்கு எழுதினால் நீ புரிந்துகொள்வாய். அதை அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தார். "அட நாசமாப் போறவனே, நீ என்னைச் சாகட்டும்னு விட்டுட்டேன்னு நெனச்சு ரெண்டு மாசமா ஒவ்வொரு வாய்ச் சோத்தையும் மோந்து பாத்துத் தின்னுக்கிட்டிருக்கேன். நீ வெறும் முட்டாளாடா?" கால் மணி நேரம். டெப்போ குரல். என் படிப்பு, என் முகம், என்னை உனக்குக் கட்டி வைத்த நாள், ஒன்றும் மிச்சமில்லை. எதிர்வீட்டு டீச்சர் பதறிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்ல டீச்சர், எங்க வீட்டு விஷயம், நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நடுவில் அழுதார். நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டினால் தேவலை என்று உனக்கு எழுதியிருந்தேன். தேவலையாக இல்லை. ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது.

மன்னித்துவிட்டார் என்று எழுதமாட்டேன். உன்னிடம் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: பயந்துபோய் வேலையை விட்டுவிட்டு வராதே. வர வேண்டும் என்று தோன்றினால் வா.

விளையாட்டை அழித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அழிக்கவில்லை. தொடவுமில்லை. அந்த அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இவ்வளவுக்கு அப்புறமும் அந்த ஆசை போகவில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் இனிப் பொய் எழுதுவதில்லை. உன் ஏழாம் எண் பெரியவரிடமும் நீ ஒரு தடவை பேசு. அவரும் ஏதாவது விடை வைத்திருப்பார்.

இதைக் குளியலறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். விழுந்த பிறகு இன்றுதான் முதல் முறையாக டீச்சர் இல்லாமல் குளிக்கப் போயிருக்கிறார். கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து "இருக்கியா?" என்கிறார். "இருக்கேன் அத்தை" என்கிறேன். அது பாசம் இல்லை, சோதனை.

இப்போது ஒரு தடவை கேட்டார். நான் மேலே உள்ள வரியை எழுதி முடிக்கிற மும்முரத்தில் இருந்தேன். பதில் சொல்ல ஒரு நொடி தாமதமாகிவிட்டது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அந்த ஒரு நொடியில் அவர் மனசு எந்த நாளுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இருக்கேன் அத்தை, இங்கதான் இருக்கேன்."

தண்ணீர் இன்னும் விழவில்லை. பேனாவை மூடி வைக்கிறேன்.